வீடு எங்களுடையது, தண்ணீர் பில் யாருடையது? கலிபோர்னியாவின் நடமாடும் வீடுகள் சொல்லும் கதை

வீடு சொந்தம். வீடு நிற்கும் காணி இன்னொருவருக்குச் சொந்தம். குழாயில் வரும் தண்ணீரை வழங்குவது நகர சபை. ஆனால், மாதாமாதம் தண்ணீர் பில்லை அனுப்புவது காணி உரிமையாளர். பில்லில் உள்ள தொகை அதிகமாகத் தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? நகர சபையிடம் கேட்டால், "எங்கள் வாடிக்கையாளர் நீங்களல்ல, காணி உரிமையாளர்தான்" என்று பதில் வரும். காணி உரிமையாளரிடம் கேட்டால், "சபை அறவிடும் கட்டணத்தைத்தான் நானும் அறவிடுகிறேன்" என்பார். இரண்டு பதில்களும் ஒருவகையில் உண்மைதான். ஆனாலும், அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் பணம் காணாமல் போக இடமிருக்கிறது.

அமெரிக்காவில் 'மொபைல் ஹோம் பார்க்' என்று அழைக்கப்படும் குடியிருப்புகளில் பல ஆண்டுகளாக இழுபடும் சிக்கல் இது. தண்ணீரை உற்பத்தி செய்பவருக்கும் குடிப்பவருக்கும் நடுவில் மூன்றாம் நபர் ஒருவர் நிற்கும்போது, அவர் அறவிடும் விலையை யார் கட்டுப்படுத்துவது என்பதே இதன் அடிப்படைக் கேள்வி. கலிபோர்னியா மாநிலம் இதற்குப் பல தசாப்தங்களாகப் பதில் தேடி வந்திருக்கிறது. அந்தத் தேடலின் வழியில் நடந்தவற்றை அறிந்துகொள்வது, ஒரே மானியில் பல குடும்பங்கள் தண்ணீர் பெறும் எந்த நாட்டுக்கும் பயன் தரும்.

நகராத 'நடமாடும்' வீடுகள்

'நடமாடும் வீடு' என்ற பெயரைக் கேட்டதும் காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வண்டி ஒன்று நினைவுக்கு வரலாம். 'பார்க்' என்றதும் மரமும் புல்வெளியும் மனதில் தோன்றலாம். நிலைமை வேறு. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டு, லொறியில் கொண்டுவந்து, வாடகைக் காணியில் வரிசையாக வைக்கப்படும் வீடுகள் இவை. வைத்தபின் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகள் பொருத்தப்படும். முன்னால் ஒரு திண்ணையும் பக்கத்தில் ஒரு கொட்டகையும் எழும். அதற்குப் பிறகு வீடு பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு அசைவதில்லை.

அமெரிக்க உயர் நீதிமன்றமே இதை 1992இல் ஒரு தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. கலிபோர்னியாவின் எஸ்கொண்டிடோ நகரம் இத்தகைய குடியிருப்புகளின் வாடகைக்கு உச்சவரம்பு விதித்திருந்தது. அதனை எதிர்த்துக் காணி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், 'நடமாடும் வீடு' என்ற பெயரே ஓரளவு தவறான எண்ணத்தைத் தருகிறது என்று நீதிமன்றம் சொன்னது. ஒருமுறை நிறுத்தப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு ஒன்றுதான் பின்னர் எப்போதாவது நகர்த்தப்படுகிறது. காரணம், நகர்த்துவதற்கான செலவு வீட்டின் பெறுமதியில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். அந்த வழக்கில் நகரத்தின் வாடகைக் கட்டுப்பாடு செல்லுபடியற்றது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த விவரம் நீர்க்கட்டண விவகாரத்துக்கும் அடித்தளம். சாதாரண வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கட்டணம் பிடிக்கவில்லை என்றால், சிரமப்பட்டாவது வேறு வீடு பார்க்கலாம். நடமாடும் வீட்டில் இருப்பவர் தன் சேமிப்பை எல்லாம் கொட்டி வாங்கிய வீட்டை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அமெரிக்காவில் இவ்வகை வீடுகளில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வாழ்கிறார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள், குறைந்த வருமானம் உள்ள தொழிலாளர்கள், புலம்பெயர்ந்து வந்த விவசாயக் கூலிகள் அவர்களில் கணிசமானவர்கள். கலிபோர்னியாவில் மட்டும் இத்தகைய குடியிருப்புகள் ஏறத்தாழ 4,500 இருக்கின்றன. விலகிப் போக முடியாத வாடிக்கையாளரிடம் அறவிடப்படும் எந்தக் கட்டணமும் சந்தை விலை ஆகாது. நீர்க்கட்டணத்துக்குக் கட்டுப்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

ஒரு மானி, நூறு வீடுகள்

இக்குடியிருப்புகளில் பெரும்பாலானவை பல தசாப்தங்களுக்கு முன்னர் அமைக்கப்பட்டவை. அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு கொடுப்பதை விட, நுழைவாயிலில் பெரிய மானி ஒன்றைப் பொருத்துவது மலிவாக இருந்தது. அந்தத் தலைமை மானி வரையான குழாய் நீர் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு உள்ளே புதைக்கப்பட்ட குழாய்கள் காணி உரிமையாளரின் சொத்து. நீர் நிறுவனத்தின் கணக்கில் அந்தக் குடியிருப்பு முழுவதும் ஒரேயொரு வாடிக்கையாளர்.

உள்ளே உள்ள வீடுகளிடமிருந்து அந்தச் செலவைத் திரும்பப் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, காணி வாடகைக்குள்ளேயே தண்ணீரையும் சேர்த்துவிடுவது. முற்காலத்தில் இதுவே வழக்கமாக இருந்தது. இரண்டாவது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உப மானியைப் பொருத்தி, பாவித்த அளவுக்குப் பில் அனுப்புவது. மூன்றாவது, மானி எதுவுமின்றி, மொத்தச் செலவை வீடுகளின் எண்ணிக்கையாலோ ஆட்களின் எண்ணிக்கையாலோ பிரித்து அறவிடுவது.

காலப்போக்கில் பல காணி உரிமையாளர்கள் முதலாவது வழியைக் கைவிட்டு மற்ற இரண்டுக்கும் மாறினார்கள். அதற்கு ஒரு காரணம் நீர் விலை ஏறிக்கொண்டே போனது. இன்னொரு காரணம் வாடகைக் கட்டுப்பாடு. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 100 நகரங்களும் மாவட்டங்களும் இக்குடியிருப்புகளின் காணி வாடகையை ஒழுங்குபடுத்தும் உள்ளூர்ச் சட்டங்களை வைத்திருக்கின்றன. வாடகையை இஷ்டப்படி கூட்ட முடியாத இடத்தில், வாடகைக்குள் இருந்த தண்ணீரை வெளியே எடுத்துத் தனி பில் ஆக்கினால், வாடகை அப்படியே இருக்கத் தண்ணீருக்கான பணம் மேலதிகமாக வரும்.

இந்த ஓட்டையை மாநிலச் சட்டம் அடைக்கிறது. 1978இல் இயற்றப்பட்ட நடமாடும் வீட்டுக் குடியிருப்புச் சட்டத் தொகுதியில் இதற்குத் தெளிவான ஏற்பாடு உண்டு. தண்ணீரை வாடகையிலிருந்து பிரிக்கும்போது, அதே நேரத்தில் வாடகையும் குறைக்கப்பட வேண்டும். எவ்வளவு குறைக்க வேண்டும்? அறிவித்தல் கொடுப்பதற்கு முந்திய 12 மாதங்களில் அந்த இடத்துக்கான தண்ணீருக்குக் காணி உரிமையாளர் செலுத்திய சராசரித் தொகை அளவுக்கு. அப்படிக் குறைத்தால் மட்டுமே தனி பில் 'வாடகை உயர்வு' என்று கருதப்படாது. உப மானி உள்ள இடங்களில் மானியின் தொடக்க வாசிப்பும் இறுதி வாசிப்பும் பில்லில் காட்டப்பட வேண்டும். நடைமுறையிலுள்ள கட்டண அட்டவணையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டவும் வேண்டும்.

இலாபம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பாவித்த தண்ணீருக்குப் பில் அனுப்புவதில் இலாபம் எப்படி வரும் என்று கேட்கலாம். இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவது எளிது.

நீர் பில்லில் பொதுவாக இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, பாவித்த அலகுகளுக்கான கட்டணம். மற்றது, ஒரு சொட்டும் பாவிக்காவிட்டாலும் இணைப்பை வைத்திருப்பதற்காகச் செலுத்தவேண்டிய நிலையான மாதக் கட்டணம். 100 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நகர சபை ஒரு சாதாரண வீட்டுக்கு மாதம் 20 டொலர் நிலையான கட்டணம் அறவிடுகிறது. பெரிய தலைமை மானிக்கு 500 டொலர் அறவிடுகிறது. காணி உரிமையாளர் ஒவ்வொரு வீட்டிடமும் "சபையின் வீட்டுக் கட்டணம்" என்று 20 டொலர் வாங்கினால் 2,000 டொலர் சேரும். சபைக்குப் போவது 500 மட்டுமே. மிச்சம் 1,500 டொலர், வருடத்துக்கு 18,000 டொலர். பில்லில் பொய் எதுவும் எழுதப்படவில்லை. சபையின் விலைதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் சபைக்குப் போகவில்லை.

படிமுறைக் கட்டணம் உள்ள ஊரில் நிலைமை தலைகீழாகவும் மாறலாம். முதல் 10 அலகுகளுக்கு அலகொன்று 3 டொலர், அதற்கு மேல் 6 டொலர் என்று வைத்துக்கொள்வோம். வீடு ஒன்று 8 அலகுகள் பாவித்தால், நேரடி இணைப்பில் 24 டொலர்தான் வரும். 100 வீடுகளுக்கு 2,400 டொலர். ஆனால், சபையின் கணக்கில் குடியிருப்பு முழுவதும் ஒரு வாடிக்கையாளர் என்றால், 800 அலகுகளில் முதல் 10 தவிர மற்றதெல்லாம் மேல் படியில் விழும். மொத்தம் 4,770 டொலர். சிக்கனமாகத் தண்ணீர் பாவித்த குடும்பம், நீச்சல் தடாகம் வைத்திருக்கும் பங்களாவுக்கான விலையைக் கொடுக்க நேரிடும். இங்கே தவறு காணி உரிமையாளருடையது அல்ல. வீடுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காத கட்டண முறையின் தவறு. தலைமை மானிக்குப் பின்னால் உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் படிகளை விரித்துக் கொடுப்பதுதான் இதற்குப் பரிகாரம்.

மூன்றாவது இடம் கசிவு. தலைமை மானி 1,000 அலகுகள் காட்டுகிறது. உப மானிகளின் கூட்டுத்தொகை 800. நடுவில் 200 அலகுகள் பழைய குழாய்களின் வழியே மண்ணுக்குள் போய்விட்டன. அலகொன்று 4 டொலர் என்றால் சபையின் பில் 4,000 டொலர். அதை 800ஆல் பிரித்து அறவிட்டால், வீடுகளுக்கு அலகொன்று 5 டொலர் ஆகிவிடும். கசிவின் செலவை வீட்டுக்காரர்கள் சுமக்கிறார்கள். குழாயைத் திருத்தக் காணி உரிமையாளருக்கு அவசரம் எதுவும் இருக்காது. மாறாக, பாவித்த அலகுக்கு 4 டொலர் மட்டுமே அறவிடலாம் என்று விதித்தால், கசியும் 800 டொலர் அவருடைய பையிலிருந்து போகும். திருத்த வேலை விரைவில் தொடங்கும். எதனால் எதைப் பிரிப்பது என்ற ஒரு சிறு தீர்மானம், யார் நிலத்தைத் தோண்டுவது என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

யாருக்கு அதிகாரம்?

கலிபோர்னியாவில் தனியார் நீர் நிறுவனங்களின் விலையை மாநிலப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நிர்ணயிக்கிறது. நகர சபைகளும் பொது நீர் மாவட்டங்களும் தமது கட்டணங்களைத் தாமே தீர்மானிக்கின்றன. ஆனால், 1996இல் மக்கள் வாக்களிப்பால் நிறைவேறிய 218ஆம் முன்மொழிவின்படி, சேவையை வழங்க ஆகும் செலவுக்கு மேல் அவை அறவிட முடியாது. ஆக, நீர் நிறுவனத்துக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது, நகர சபைக்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. நடுவில் நிற்கும் காணி உரிமையாளருக்கு?

இங்கேதான் சட்டம் ஒரு விசித்திரமான கதவைத் திறந்து வைத்திருந்தது. உப மானி வழியே தண்ணீர் கொடுக்கும் குடியிருப்பு, நீர் நிறுவனத்திடமிருந்து நேரடியாகப் பெற்றிருந்தால் என்ன விலையோ அதையே வீட்டுக்காரர்களிடம் அறவிட்டால், அது பொதுப் பயன்பாட்டு நிறுவனம் ஆகாது, ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று மாநிலச் சட்டம் சொன்னது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தனி வீட்டில் இருப்பவரும் நடமாடும் வீட்டில் இருப்பவரும் ஒரே விலை கொடுக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால், மேலே பார்த்த 20 டொலர் கணக்கு இந்தக் கதவின் வழியேதான் நுழைந்தது.

சொந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொடுக்கும் குடியிருப்புகளுக்கு இன்னொரு விதி உண்டு. அவையும் பொதுவாக ஆணைக்குழுவுக்கு வெளியேதான். ஆனால், 12 மாத காலத்துக்குள் இணைப்புகளில் 10 சதவீதத்தினரோ அதற்கு மேற்பட்டோரோ, கட்டணம் நியாயமற்றது என்றோ சேவை போதாது என்றோ முறைப்பாடு செய்தால், விசாரிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு வந்துவிடும். தனி ஒருவரின் குரலுக்கு அந்தக் கதவு திறக்காது. அயலவர்களைச் சேர்த்துக்கொண்டு தட்டினால் திறக்கும்.

மின்சாரத்திலும் சமையல் எரிவாயுவிலும் மாநிலம் இதைவிடத் தூரம் போயிருக்கிறது. 1997க்குப் பின் அமைக்கப்படும் குடியிருப்புகளுக்கு அவற்றில் தலைமை மானி முறையே கிடையாது. பழைய குடியிருப்புகளை நேரடி இணைப்புக்கு மாற்றும் திட்டம் ஒன்றையும் ஆணைக்குழு 2014இல் அங்கீகரித்தது. அந்தத் திட்டம் தண்ணீருக்கு இல்லை.

எஞ்சியிருந்தது உள்ளூராட்சி. நீர்க்கட்டணத்தை நேரடியாக நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லாவிட்டாலும், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் நகரங்கள் ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது: தண்ணீர் பில் என்ற பெயரில் வாங்கும் மேலதிகப் பணம் உண்மையில் மறைமுக வாடகை அல்லவா?

சாந்தா குரூஸில் நடந்தது

இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த இடம், மொண்டரே விரிகுடாக் கரையிலுள்ள சாந்தா குரூஸ் நகரம். அங்குள்ள டி அன்சா என்ற குடியிருப்பில் ஏறத்தாழ 200 வீடுகள். நகரத்தில் அப்போது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1990களில் நிர்வாகம் உப மானிகளைப் பொருத்தி, நகரம் ஒரு தனி வீட்டுக்கு அறவிடும் விலையில் பில் அனுப்பத் தொடங்கியது. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் விலை அதுதான் என்பது நிர்வாகத்தின் வாதம். நகரத்துக்கு உண்மையில் கட்டும் தொகையைத்தான் எங்களிடம் வாங்கலாம், அதற்கு மேல் வாங்குவது நகரத்தின் வாடகைச் சட்டத்தை மீறும் செயல் என்பது வீட்டுக்காரர் சங்கத்தின் வாதம்.

விவகாரம் நீதிமன்றம் போனது. ஜூரர்கள் வீட்டுக்காரர்களின் பக்கம் நின்று, 60 இலட்சம் டொலர் தண்டனை இழப்பீடு விதித்தார்கள். மாதாந்த தண்ணீர் பில்லில் தொடங்கிய தகராறுக்கு இது மிகப்பெரிய தொகை. ஆனால், 2001 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனை இழப்பீட்டை இரத்துச் செய்தது. மீறலுக்கு என்ன தண்டம் என்பதை நடமாடும் வீட்டுச் சட்டமே வகுத்திருக்கும்போது, அதற்கு மேல் தண்டனை இழப்பீடு பெற முடியாது என்பதே அதன் சாரம்.

இந்த வழக்கில் யார் வென்றார் என்பதை விட, அது வெளிக்கொணர்ந்த உண்மையே பயனுள்ளது. ஒரே பில், மாநிலத்தின் ஒரு விதியின்படி சரி. நகரத்தின் இன்னொரு விதியின்படி பிழை. வீட்டுக்காரர் எந்த வாசலில் போய் நிற்பது என்று கண்டுபிடிப்பதற்கே வருடங்கள் போய்விடும். பணமும் சங்கமும் உள்ள குடியிருப்பு வழக்காடலாம். ஒவ்வொரு மாதமும் 15 டொலரை இழக்கும் தனியொரு முதிய பெண் அதற்காகச் சட்டத்தரணியைத் தேடிப் போவாரா? தொகை சிறியதாக இருப்பதே அறவிடுபவருக்குப் பாதுகாப்பு.

2021இன் திருத்தம்

இருபது ஆண்டுகள் கழித்து மாநிலச் சட்டவாக்க சபை நேரடியாக உள்ளே வந்தது. அலெக்ஸ் லீ என்ற உறுப்பினர் கொண்டுவந்த 1061ஆம் இலக்கச் சட்டமூலம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தண்ணீருக்குத் தனி பில் அனுப்பும் நிர்வாகம் எதையெல்லாம் அறவிடலாம் என்று அது எண்ணிக் காட்டுகிறது.

ஒன்று, பாவித்த தண்ணீருக்கான கட்டணத்தில் அந்த வீட்டின் விகிதாசாரப் பங்கு. இரண்டு, நீர் நிறுவனம் குடியிருப்பிடம் வாங்கும் நிலையான கட்டணத்தில் அந்த வீட்டின் பங்கு. மூன்று, மானி வாசித்துப் பில் போடும் வேலைக்கான நிர்வாகக் கட்டணம். இந்த மூன்றாவதற்கும் உச்சவரம்பு உண்டு: மாதம் 4.75 டொலர் அல்லது பாவனைக் கட்டணத்தின் 25 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. பணவீக்கத்துக்கேற்ப அந்த டொலர் தொகை திருத்தப்படலாம்.

மேலே பார்த்த கற்பனைக் கணக்குக்குத் திரும்பினால் இதன் பொருள் விளங்கும். சபைக்குப் போகும் 500 டொலர் நிலையான கட்டணத்தை 100 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 5 டொலர்தான். 20 டொலர் வாங்க முடியாது. 'நேரடியாகப் பெற்றிருந்தால் என்ன விலை' என்று முன்பு கேட்கப்பட்டது. இப்போது 'உண்மையில் கொடுத்த விலையில் உங்கள் பங்கு என்ன' என்று கேட்கப்படுகிறது. கேள்வி மாறியதும் இலாபம் ஒளிந்திருந்த இடம் மறைந்துவிட்டது.

விதி இருந்தால் போதாது, அதைக் கேட்டுப்பெற வாசல் வேண்டும். அதற்கும் ஒரு ஏற்பாடு சில ஆண்டுகளுக்கு முன்னரே உருவாகியிருந்தது. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வோர் இடத்துக்கும் வருடம் 10 டொலர் வரை அறவிட்டு ஒரு நிதி திரட்டப்படுகிறது. 2020 ஜூலை முதல் மாநில வீடமைப்புத் திணைக்களம் குடியிருப்பாளர்களின் முறைப்பாடுகளை ஏற்று, தேவைப்பட்டால் சட்ட உதவி அமைப்புகளிடம் அனுப்புகிறது.

காணி உரிமையாளரின் நியாயம்

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உப மானி வைப்பதும் வாசிப்பதும் செலவுள்ள வேலை. ஐம்பது ஆண்டுப் பழமையான குழாய்களைத் தோண்டி மாற்றுவது இன்னும் பெரிய செலவு. கலிபோர்னிய நீதிமன்றங்கள், வாடகையை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் முதலீட்டுக்கு நியாயமான வருவாய் கிடைக்கவும் வேண்டும் என்று நீண்டகாலமாகச் சொல்லி வருகின்றன. ஆகவே, நீர்க்கட்டணத்தில் இடமில்லை என்றால், குழாய் மாற்றும் செலவுக்கு வாடகைச் சபையின் முன் வெளிப்படையாக விண்ணப்பிக்கும் வழி காணி உரிமையாளருக்குத் திறந்திருக்க வேண்டும். செலவு உண்மையானால் அதைக் கணக்குடன் காட்டிப் பெறட்டும். தண்ணீர் பில்லுக்குள் மறைத்துப் பெறக் கூடாது.

தண்ணீரைச் சேமிப்பதும் நியாயமான காரணம்தான். வாடகைக்குள் தண்ணீர் அடங்கியிருக்கும்போது குழாயை மூட யாருக்கும் அவசரமில்லை. கடும் வரட்சியின்போது, 2015 ஏப்ரலில், ஆளுநர் ஜெரி பிரவுன் நகர்ப்புற நீர்ப் பாவனையை 25 சதவீதத்தால் குறைக்கும்படி உத்தரவிட்டார். அத்தகைய மாநிலத்தில் ஒவ்வொரு வீடும் தன் பாவனையைக் கண்ணால் காண்பது நல்லது. ஆனால், மானி இல்லாமல் சமமாகப் பிரித்து அறவிடும் முறையில் இந்த நன்மையும் கிடைக்காது. சேமித்தவரும் வீணாக்கியவரும் ஒரே தொகையைக் கட்டுவார்கள்.

விலை மட்டுமல்ல, தண்ணீரும்

கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். கலிபோர்னியாவின் தென்கிழக்கில், கோச்செல்லா பள்ளத்தாக்கில் தெர்மல் என்ற ஊரின் அருகே ஒயாசிஸ் என்ற குடியிருப்பு உள்ளது. அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் வயல்களில் வேலை செய்யும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள். குடியிருப்புக்குச் சொந்தமான கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நச்சுப் பொருள் அனுமதிக்கப்பட்ட அளவான 10 பங்குகளை (நூறு கோடிக்கு) ஏறத்தாழ பத்து மடங்கு தாண்டியிருந்ததைக் கண்டு, 2019 ஓகஸ்டில் மத்திய சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் அவசரக் கட்டளை பிறப்பித்தது. குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தக் குடியிருப்பு பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் அமைந்திருந்ததால், மாநிலத்தின் விதிகளும் மாவட்டத்தின் விதிகளும் அங்கே வழமைபோலச் செல்லுபடியாகவில்லை. அதிகார எல்லைகளுக்கு நடுவில் விழுந்த இடம் அது. குடும்பங்களை வேறு இடங்களில் குடியமர்த்த மாநிலம் 2021இல் 3 கோடி டொலர் ஒதுக்கியது. தண்ணீரைக் குடிமக்களின் உரிமை என்று 2012இலேயே சட்டமாக்கிய மாநிலத்தில் இது நடந்தது. உரிமை என்று எழுதிவைப்பதற்கும், அந்த உரிமை மீறப்படும்போது யார் பொறுப்பு என்று எழுதிவைப்பதற்கும் உள்ள தூரத்தை ஒயாசிஸ் காட்டியது.

எங்கள் பக்கம் பார்த்தால்

இலங்கையில் நடமாடும் வீடுகள் இல்லை. ஆனால், ஒரு மானிக்குப் பின்னால் பல குடும்பங்கள் இருக்கின்றன. சுதந்திர வர்த்தக வலயங்களைச் சுற்றியுள்ள விடுதி அறைகள், கொழும்பில் ஒரு வீட்டை நான்காகப் பிரித்து வாடகைக்குக் கொடுத்த அனெக்ஸ்கள் என்று உதாரணங்களுக்குக் குறைவில்லை. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கட்டணமும் படிமுறைக் கட்டணம்தான். பல அறைகள் ஒரே இணைப்பில் இருந்தால், கூட்டுப் பாவனை மேல் படிகளுக்கு ஏறும். அந்த விலையை அறைக்காரர்களே பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அல்லது, பில்லைக் கண்ணால் காணாமலே வீட்டுக்காரர் சொல்லும் தொகையைக் கொடுக்கிறார்கள்.

எங்களிடமும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. அதை உருவாக்கிய 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மின்சாரத்துடன் நீர் சேவையையும் குறிப்பிடுகிறது. ஆனால், மின்சாரத்துக்கு 2009இல் வந்ததைப் போன்ற தனிச் சட்டம் நீருக்கு வரவில்லை. ஆகவே, நீர்ச் சபையின் கட்டணமே அந்த ஆணைக்குழுவின் மேசைக்குப் போவதில்லை. வீட்டுக்காரர் விதிக்கும் கட்டணம் எந்த மேசைக்குப் போகும்?

கலிபோர்னியாவின் அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. மூல பில்லை வாடகைக்காரருக்குக் காட்ட வேண்டும். கொடுத்த தொகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஒரே இணைப்பில் எத்தனை குடும்பங்கள் என்பதைக் கணக்கிட்டுப் படிகளை விரிக்க வேண்டும். கசிவின் செலவு குழாயின் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும். முறைப்பாட்டை வாங்க ஒரு அலுவலகமாவது இருக்க வேண்டும். இவற்றை எழுதுவதற்குச் சில பக்கங்கள் போதும். அவை எழுதப்படும்வரை, மூடிய குழாயிலும் ஓடிக்கொண்டிருக்கும் மானியின் கணக்கை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், அறைக்காரர்கள் மாதக் கடைசியில் கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.